பேரிங் (ஷாஃப்டைத் தாங்கும், உள்ளே குண்டுகள் உருளும் வளையம்), புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) மாற்ற அரை நாள் ஆகிறது. சுழலும் பாகங்களைச் சுலபமாகப் பொருத்த வழி உண்டா? நல்ல புல்லர் (மாட்டியதை இழுத்துக் கழற்றும் கருவி) எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன், வீடு பட்டர்வொர்த்தில். கன்வேயர், பம்ப், ஃபேன் என்று சுற்றுகிற சாமான்களோடுதான் பிழைப்பு. புல்லரை அப்புறம் பார்க்கலாம். மாட்டும்போது சுத்தியலை எடுத்திருந்தால், கழற்றும்போது அரை நாள் போகத்தான் செய்யும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஃபேன் ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) பேரிங் ஏறாமல் அடம்பிடித்தது. இரும்புக் குழாய்த் துண்டை வெளி வளையத்தில் வைத்து நாலு தட்டு தட்டினேன், ஏறிவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டே வாரத்தில் 'கர்' என்று சத்தம். ஃபோர்மேன் அண்ணன் அந்தப் பேரிங்கை அறுத்து உள் வளையத்தைக் காட்டினார். குண்டுக்கு ஒன்றாக, ஒரே இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். "தம்பி, இது மெஷின் செஞ்சதில்ல, நீ செஞ்சது" என்றார். ஷாஃப்டில் இறுகுவது உள் வளையம். அடி வெளி வளையத்தில் விழுந்தால், அது குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போகும்.

அதற்குப் பிறகு பெரிய பேரிங் என்றால் சூடாக்கித்தான் மாட்டுகிறோம். கணக்கு ரொம்பச் சின்னது. 6216 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 16-ஐ 5-ஆல் பெருக்கினால் 80, அதுதான் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. விரியும். நம் ஊர் 30 டிகிரியிலிருந்து 110-க்குக் கொண்டுபோனால் அந்தத் துளை ஏறக்குறைய 0.077 மி.மீ. பெரிதாகும். இறுக்கத்துக்காகத் துளையை ஷாஃப்டைவிடச் சிறிதாக விட்டிருக்கும் அளவு பெரும்பாலும் அதில் பாதியைத் தாண்டாது. கையுறை போட்டுக்கொண்டு தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். உட்கார்ந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். ஆறும்போது அகலமும் சுருங்குவதால், ஷாஃப்டின் படியை விட்டு விலகி ஒரு இடுக்கு விழும். பிடிக்கும் வரை அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.

இதற்கு இண்டக்‌ஷன் ஹீட்டர் (மின்காந்தத்தால் சூடாக்கும் கருவி) வாங்குங்கள், விலையைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தாலும் சரி. கேஸ் டார்ச்சைப் பேரிங் பக்கமே கொண்டு வராதீர்கள், ஒரு இடம் மட்டும் எக்கச்சக்கமாகச் சூடேறி எஃகின் கடினம் போய்விடும். 120 டிகிரியைத் தாண்டவும் வேண்டாம். சீல் போட்டு, கிரீஸ் நிரப்பி வருகிற பேரிங்குக்கு இந்த 110-ஏ அதிகம்.

புல்லிக்கு வருகிறேன். நேரம் அதிகம் மிச்சமானது இங்கேதான். முன்பு எங்களிடம் இருந்தவை நேர்த்துளை போட்டு, கீ (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் இரும்புத் துண்டு) அடித்து இறக்கிய புல்லிகள். பெரிய வேலை எல்லாம் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத்தான் ஒதுக்குவோம். ஒரு வருடம் துருப்பிடித்த ஒரே ஒரு புல்லியோடு முழு நாளும் போனது. கடைசியில் புல்லர் கால் பட்டு விளிம்பு உடைந்தது. அந்த வருடமே டேப்பர் புஷ்ஷுக்கு மாறினோம்.

இந்த முறையில் புல்லியின் துளை கூம்பாக இருக்கும். அதற்குள் போகிற புஷ்ஷும் வெளியே கூம்பு, உள்ளே நேர்த்துளை, ஒரு பக்கம் பிளந்திருக்கும். இரண்டும் சேருகிற கோட்டில் மூன்று ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் பாதி புல்லியில், பாதி புஷ்ஷில். இரண்டு ஓட்டைகளில் மரை புல்லிப் பக்கம் இருக்கும். அதில் ஸ்க்ரூவை முறுக்கினால் புஷ் உள்ளே போய் ஷாஃப்டைக் கவ்வும். மூன்றாவதில் மரை புஷ் பக்கம். கழற்ற வேண்டுமா, இரண்டையும் எடுத்து, ஒன்றை அந்த மூன்றாவது ஓட்டையில் போட்டு முறுக்குங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டு புஷ் வெளியே வரும். புல்லர் கேள்விக்கு என் பதில் இதுதான்.

1610 நம்பர் புஷ்ஷில் 42 மி.மீ. ஷாஃப்ட் வரை போகும். மோட்டார் மாறினால் புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும், புல்லி அதேதான். ஒரு எச்சரிக்கை: கூம்பில் எண்ணெய் தடவாதீர்கள், சுத்தமாகத் துடைத்து உலர்ந்தபடி மாட்டுங்கள். எண்ணெய் இருந்தால் அளவுக்கு மீறி உள்ளே இழுபட்டு புல்லியே வெடிக்கலாம். 1610-க்கு 20 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். இறுக்கி, புஷ்ஷின் பெரிய முனையில் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டி, மறுபடி இறுக்கவும். தட்டியதில் உட்கார்ந்திருந்தால் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் சுற்றும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை.

லேத்தில் புது ஷாஃப்ட் கடையக் கொடுத்தால், பேரிங் உட்காரும் நீளத்துக்கு மட்டும் சரியான அளவு கேளுங்கள். அதற்கு முன்னால் அது கடந்து வர வேண்டிய பகுதியை அரை மி.மீ. குறைத்து, முனையைச் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். கடைசி மூன்று சென்டிமீட்டருக்கு மட்டும்தான் போராட்டம் இருக்கும். பேரிங்கை மூடும் தகட்டில் மரை போட்ட ஓட்டை இரண்டு கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். போல்ட்டை முறுக்கினால் தகடு தானே எழும்பும். இவ்வளவு சின்ன விஷயத்தை ஏன் எல்லா மெஷினிலும் வைப்பதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அலைன்மென்ட் (ஷாஃப்ட், புல்லிகளை நேர்க்கோட்டில் நிறுத்துவது) பற்றி எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

வேலை முடிந்ததும், காலியாக இருக்கிற அந்த மூன்றாவது ஓட்டையிலும் ஸ்க்ரூத் தலைகளிலும் கிரீஸை அழுத்தி நிரப்புகிறேன். எங்கள் பையன்கள் சிரிப்பார்கள். அடுத்த சீனப் புத்தாண்டுக்கு அதை ஒரு குச்சியால் நோண்டி எடுத்தால், ஆலன் கீ முதல் தடவையே உள்ளே போய் உட்காருகிறது.