பராசக்தி கோர்ட் வசனம் வேணாம் தம்பி

தேனியிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 18 வயசு, சென்னையில ஒரு நாடகக் குழு ஆடிஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்களாம், ரெண்டு நிமிஷம் மோனோலாக், அதாவது தனியா நின்னு ஒரே ஆள் பேசற வசனம், பண்ணணுமாம், பராசக்தி கோர்ட் வசனம் தலைகீழா தெரியும், அதையே பண்ணட்டுமானு.

வேணாம் தம்பி. வசனத்துல குறையே இல்ல, ஆனா நீ வாயத் தொறந்ததும் எதிர்ல உக்காந்திருக்கறவங்க காதுல சிவாஜி குரல் ஓட ஆரம்பிச்சுடும், நீயும் உன்னை அறியாம அவர் ஏத்த இறக்கத்தையே பிடிச்சுப்ப. 1952-ல படம் வந்தப்ப அவருக்கும் 24 வயசுதான், ஆனா சின்னப் பையனா இருந்தப்பவே நாடகக் கம்பெனிக்குப் போய் ஊறினவர். மிமிக்ரினா தாராளமா பண்ணு, அது வேற டிபார்ட்மென்ட்.

நடிச்சுக் காட்ட ஒரு பீஸ் (வசனப் பகுதி) எடுக்கும்போது நான் முதல்ல பாக்கறது, இந்த ஆளு யார்கிட்ட பேசறான், அவங்ககிட்ட இவனுக்கு என்ன வேணும். அது இல்லாத வசனம் எவ்ளோ அழகா இருந்தாலும் பேச்சுப்போட்டி மாதிரிதான் போய் முடியும். சும்மா ஒண்ணு எழுதிக் காட்டறேன்:

"அப்பா, வண்டிய வித்துட்டேன். இருங்க, திட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. எங்க எந்திரிச்சுப் போறீங்க? சரி, போங்க. போற வழியில பீரோவத் தொறந்து பாருங்க, அம்மா வளையல் இருக்கும்."

ஆரம்பத்துல பயம், அப்பா எந்திரிச்சதும் கெஞ்சல் போய் ரோஷம் வந்துடுது பாரு, ஒரு சொட்டு கண்ணீர் வேணாம். இப்படி நடுவுல திரும்பற இடம் உள்ள பீஸா தேடு. குடிகாரன், பைத்தியம், சாவு சீன் எல்லாம் தயவுசெஞ்சு வேணாம், கத்தறதுதான் மிச்சம்.

இந்திரா பார்த்தசாரதி, ந. முத்துசாமி நாடகங்கள் புத்தகமாவே இருக்கு. இந்திரா பார்த்தசாரதியோட ஔரங்கசீப் நாடகத்த எடுத்தா வயசான ஷாஜகான் ஆசை காட்டுவார், விட்டுடு, உன் வயசுக்குப் பக்கத்துல உள்ள ஆளா பாரு. வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி நாடகத்த முழுசா படிச்சுடு, இதுக்கு முந்தின சீன்ல என்ன நடந்துச்சுனு கேட்டா முழிக்கக்கூடாது. ரெண்டு நிமிஷம்னா ஒன்றரை நிமிஷத்துக்கு வெட்டு, பதட்டத்துல எப்படியும் இழுக்கும். நடுவர் கண்ணையே பாத்துப் பேசாத, அவங்க தலைக்குக் கொஞ்சம் மேல செவுத்துல ஒரு இடத்த அப்பாவா வச்சுக்கோ.

கை காலெல்லாம் எப்ப ஆடணும்னு ஃபிக்ஸ் பண்ணி வைக்காத. "இதையே சிரிச்சுக்கிட்டு சொல்லு"னு திருப்பிக் கேட்பாங்க, அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. வேற ஏதாச்சும் இருக்கானும் கேட்கலாம், அதுக்கு ஒரு நிமிஷ காமெடி பீஸ் தனியா ரெடி பண்ணிக்கோ.