ஒரு வாரத்தில் அயர்லாந்தையும் பார்த்து, கணவரின் பூர்வீக ஊரையும் பார்க்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: கணவரின் கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் கிளேர் கவுண்டியிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பலேறியவர். ஊர்ப் பெயர் தெரியாது. இருவருக்கும் முதல் அயர்லாந்துப் பயணம், கையில் ஒரு வாரம். நான் பக்கத்து லிமெரிக்கில் குடியிருக்கிறேன். இப்படித் தேடி வருகிற நண்பர்களோடு கிளேரில் அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடியும். ஆனால் ஊரைக் கண்டுபிடிக்கும் வேலையை பாஸ்டனிலேயே முடித்துவிட்டு வாருங்கள். தேடுவதற்காக இங்கே வந்தால் வாரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

கிளேர் என்பது மட்டும் போதாது. தஞ்சாவூர் மாவட்டம் என்று மட்டும் தெரிந்துகொண்டு குலதெய்வக் கோயிலைத் தேடுகிற கதைதான். உங்களுக்கு வேண்டியது டவுன்லேண்டின் பெயர். சில குடும்பங்களின் வீடும் வயலும் சேர்ந்த சின்ன நிலப்பிரிவு அது. நாடு முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன, ஒரே பெயரில் பல இருக்கும்.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் எல்லாம் போச்சு என்று யாராவது பயமுறுத்துவார்கள். எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில்தான் போனது. அதற்கடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசாங்கமே அழித்தது, அது தனிக் கூத்து. ஆனால் உங்களுக்கு வேண்டியவை தப்பிவிட்டன. 1864 முதல் எல்லா மதத்தினரின் பிறப்பு, திருமணம், இறப்பும் அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ தளத்தில் பழைய பதிவுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். பிறப்புப் பதிவில் டவுன்லேண்டின் பெயர் பெரும்பாலும் இருக்கும்.

சிக்கல் பெயரில்தான் வரும். மக்மஹோன், மக்னமாரா, ஓ'பிரையன் எல்லாம் கிளேரில் மூலைக்கு மூலை உண்டு. 'ஓ', 'மக்' சில பதிவுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பதிவுகளில் எழுதியிருக்கும் வயதை நம்பவே நம்பாதீர்கள். அதனால் கொள்ளுத்தாத்தாவின் அம்மா, கல்யாணத்துக்கு முன் என்ன குடும்பப் பெயர் வைத்திருந்தார் என்பதை முதலில் பிடியுங்கள். கொள்ளுத்தாத்தா பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் திருமணம் செய்திருந்தால் அந்தப் பதிவில் பெற்றோர் பெயர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். பாஸ்டன் பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகை, காணாமல்போன உறவினரைத் தேடும் ஐரிஷ்காரர்களின் விளம்பரங்களை 1831 முதல் 1921 வரை வெளியிட்டது. பலவற்றில் ஊர் விவரமும் இருக்கிறது. அதையும் ஒரு தடவை பாருங்கள்.

ஊர் கிடைத்ததும் 1901, 1911 கணக்கெடுப்புகளைத் திறங்கள். இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். எனக்கு மிகவும் பிடித்த ஆவணங்கள் இவை. மகன் அமெரிக்கா போன பிறகு ஊரில் தங்கிவிட்ட பெற்றோரை இதில் பார்க்கலாம்: யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், யார் ஐரிஷ் பேசுவார், கூரை ஓலையா கற்பலகையா, முன்பக்கம் எத்தனை ஜன்னல். 1911 கணக்கெடுப்பில், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுவாருங்கள். ஊரில் ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினால், அந்த வீடு எது, இப்போது யார் கையில் என்று அவரே சொல்லக்கூடும்.

சரி, பயணத்துக்கு வருவோம். பாஸ்டனிலிருந்து நேரடி விமானத்தில் ஷானனில் இறங்குங்கள். அது கிளேரிலேயே இருக்கிறது. கிளேரின் முக்கிய நகரான என்னிஸில் நான்கு இரவு, கடைசி இரண்டு இரவு டப்ளின், அங்கிருந்தே திரும்புங்கள். ரிங் ஆஃப் கெர்ரி சுற்றுப்பாதை, பெல்ஃபாஸ்ட் நகரம் எல்லாம் அடுத்த தடவை. மோஹர் கடலோரச் செங்குத்துப் பாறைகள், பரன் சுண்ணாம்புப் பாறைவெளி, பௌல்நப்ரோன் கல்திட்டை மூன்றும் கிளேரிலேயே இருப்பதால் சுற்றிப் பார்க்கவில்லை என்ற குறையும் வராது. ஒரு நாளை மட்டும் எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். ஊரில் யாராவது வீட்டுக்கு அழைத்தால் அது தேநீரோடு முடியாது.

காரோபின் என்ற ஊரில் இருக்கும் கிளேர் மரபு மையத்தில் கட்டணத்துக்குத் தேடித் தருவார்கள். ஆனால் வந்து நின்று கேட்காமல் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நல்ல பூட்ஸ் வேண்டும், புல்லும் சேறும்தான். ஏழைகள் பலருக்குப் பெயர் வெட்டிய கல்லே கிடையாது, கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வயலுக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். பூர்வீக நிலத்தைக் கேட்டு அமெரிக்காக்காரர்கள் வந்துவிட்டார்களோ என்ற பயம் பாதி விளையாட்டாகவாவது இங்கே உண்டு.

கார் அவசியம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சீக்கிரம் பதிவு செய்யுங்கள். வண்டி இடப்பக்கம் ஓடும், ஆகவே சென்னையில் ஓட்டிப் பழகிய நீங்களே ஓட்டுவது நல்லது. ஜூலை முதல் பாதியில் மில்டவுன் மால்பேயில் பெரிய இசைப்பள்ளி நடக்கும், சுற்றுவட்டாரத்தில் அறை கிடைக்காது. மே அல்லது செப்டம்பர் பாருங்கள்.

உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஐரிஷ் விசா தனியாக வாங்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் விலக்கு இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொது விசா தரும் ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லாததால் அந்த விசாவும் செல்லாது. அப்புறம், ஐரிஷ் குடியுரிமை கிடைக்குமா என்று கணவர் கட்டாயம் கேட்பார். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் வழி உண்டு. கொள்ளுத்தாத்தா மட்டும் என்றால் பெரும்பாலும் கிடைக்காது.