பாங்காக் பள்ளியில் முதல் ஆண்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். பாங்காக்கில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) டிப்ளமா, அதாவது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ போன்ற வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்க இரண்டு ஆண்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஆகஸ்டு முதல் வாரம் சேரவேண்டும். கணவரும் ஆறு வயது மகளும் உடன் வருகிறார்கள். எந்தக் காகிதத்தை முதலில் பார்ப்பது, வீட்டை இங்கிருந்தே பிடித்துவிடலாமா, கையில் எவ்வளவு பணம் வேண்டும், சைவம் சாப்பிடுகிற எங்களுக்கு அங்கே என்ன வழி என்று ராத்திரியெல்லாம் யோசனை. பாடம் நடத்துவதில் எனக்குப் பயம் இல்லை, அது கைவந்த வேலை. நான் யோசிக்காமல் விட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

வாழ்த்துகள். நீங்கள் பயப்படுகிற விஷயங்கள் எல்லாம் வரிசையாகச் செய்தால் முடிந்துவிடக்கூடியவை. பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நம் ஊரிலிருந்து போகும் நல்ல ஆசிரியர்கள் முதல் ஆண்டில் சறுக்குகிறார்கள். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். ஆனால் காகித வேலைக்கு நாள் ஓடிக்கொண்டிருப்பதால் முதலில் அது.

சான்றிதழ்களை எடுப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள். தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்ந்து வேறொரு பெயர், திருமணச் சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. தாய்லாந்து அலுவலகத்தில் இனிஷியல் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். பெயர் வேறானாலும் ஆள் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விசாவுக்குப் போடுமுன் அதைத் திருத்திவிடுங்கள். விசா கிடைத்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் எல்லா வேலையும் இரட்டிப்பாகும்.

அடுத்து, மதிப்பெண் பட்டியல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. டிரான்ஸ்கிரிப்ட் என்பது படித்த எல்லாப் பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்துப் பல்கலைக்கழகம் தரும் பதிவு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், வாரக்கணக்கில் ஆகும். பட்டங்களுக்கு மாநில உயர்கல்வித் துறைச் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு தாய்லாந்துத் தூதரகம் என்பதே வழக்கமான படிக்கட்டு. அமைச்சகம் உங்களிடமிருந்து நேரடியாக வாங்காது, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான். 'தூதரகம் வேண்டாம், அபோஸ்டில் என்ற ஒற்றை முத்திரையே போதும்' என்று யாராவது சொன்னால் பள்ளியின் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் திருமணச் சான்றிதழும் இதே பாதையில் போகவேண்டும், அவர்களுடைய சார்ந்தோர் விசா அவற்றை நம்பித்தான் இருக்கிறது. போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா மையத்தில் கடைசியாக எடுங்கள். சீக்கிரம் எடுத்தால் பழசாகிவிட்டது என்பார்கள்.

உங்கள் விசா 'நான்-இமிக்ரன்ட் பி'. பொதுவாக 90 நாள், ஒரே நுழைவு. போய் இறங்கியபின் பள்ளி உங்களுக்கு வொர்க் பெர்மிட் எடுக்கும், ஆசிரியர் மன்றமான குருசபாவில் உரிமமோ இரண்டு ஆண்டு தற்காலிக அனுமதியோ வாங்கும், பிறகு தங்கும் அனுமதியை ஓராண்டுக்கு நீட்டிக்கும். கணவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: சார்ந்தோர் விசாவில் அவர் வேலை பார்க்க முடியாது, அவருக்குத் தனி வொர்க் பெர்மிட் வேண்டும்.

இதில் எல்லோரும் விழுகிற குழி அக்டோபரில் இருக்கிறது. அரையாண்டு விடுமுறை, தீபாவளி நெருக்கம், டிக்கெட் மலிவு என்று கிளம்பிவிடுவார்கள். திரும்பி நுழைவதற்கு முன்கூட்டியே எடுக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் தங்கும் அனுமதி அந்த நிமிஷமே செத்துப்போகும், வொர்க் பெர்மிட்டும் சேர்ந்து ஆட்டம் காணும். ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800 பாத். நீட்டிப்பு கையில் கிடைத்த அன்றே பல தடவைக்கானதை எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நடுராத்திரி போன் வந்தால் அலுவலகம் தேடி ஓடவேண்டியிருக்காது.

தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால் முகவரியை அறிவிக்கவேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்னாலிருந்து 7 நாள் பின்னால் வரை செய்யலாம், தவறினால் 2,000 பாத் அபராதம். வெளியே போய்த் திரும்பினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இதுபோக, வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்தில் வீட்டுக்காரர் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்கவேண்டும். டி.எம்.30 என்பார்கள். அந்த ரசீது இல்லாமல் உங்கள் நீட்டிப்பு நகராமல் போகலாம், அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும்போதே 'டி.எம்.30 போட்டுத் தருவீர்களா' என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த வீடு வேண்டாம்.

வீட்டை இங்கிருந்து பிடிக்காதீர்கள். முதல் மூன்று, நான்கு வாரம் பள்ளி தரும் இடத்திலோ மாத வாடகை அறையிலோ இருங்கள். பாங்காக் வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் என்பது காலை ஏழு மணிக்கு முக்கால் மணி நேரமாகலாம். பல பள்ளிகள் ரயில் நிலையத்திலிருந்து தள்ளி, நீண்ட சோய்க்குள் இருக்கின்றன. சோய் என்பது பெருஞ்சாலையிலிருந்து பிரியும் தெரு. பார்க்கப்போகும் வீட்டிலிருந்து பள்ளி நாள் ஒன்றில் அதே நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். செப்டம்பரில் பெருமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். மின்கட்டணம் வாரியத்துக்கு நேராகவா, கட்டடக்காரருக்கா என்று கேளுங்கள். கட்டடக்காரர் யூனிட்டுக்கு ஏற்றி வாங்கினால் ஏசி ஓடும் வீட்டில் ஏப்ரல் பில் கையைக் கடிக்கும்.

பணக் கணக்கு எளிது. வழக்கம் இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை. 25,000 பாத் வீடு என்றால் சாவி வாங்கும் நாளில் 75,000 பாத் எண்ணி வைக்கவேண்டும். முதல் சம்பளம் ஆகஸ்டு கடைசியில்தான் வரும். வொர்க் பெர்மிட் வருவதற்குள் பல வங்கிகள் கணக்குத் திறக்காது. செட்டிலிங் அலவன்ஸ் என்று ஒப்பந்தத்தில் இருப்பது இறங்கிய வாரமே வருமா, சம்பளத்தோடு வருமா என்று இப்போதே கேளுங்கள். மகளுக்குக் கட்டணச் சலுகை என்று போட்டிருந்தால் சேர்க்கைக் கட்டணம், பஸ், மதிய உணவு அதில் சேருமா என்பதையும்.

இந்தியப் பக்கத்தில் இரண்டு வேலை. வேலைக்காக வெளிநாடு போகிற ஆண்டில், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரிக்கு நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை 122 நாள். ஜூலை 31 அன்று கிளம்பினால் மார்ச்சுக்குள் ஊரில் விடுமுறையாக இன்னும் 59 நாள்தான் தங்கலாம். சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் இங்குள்ள வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள், அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறங்கள். உங்கள் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும்.

சாப்பாட்டுக்கு ஒரு எழுத்தைக் கற்றுக்கொண்டால் போதும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக 'ஜே' என்று இருக்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. 'மங்சவிரத்' என்றால் சைவம்தான், முட்டை இருக்கலாம். வெறும் காய்கறிப் பொரியல்போலத் தெரிவதில் மீன் சாறு இருக்கும், கறி விழுதில் இறால் விழுது இருக்கும். பருப்பு, புளி, மசாலாவுக்கு இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரத் பக்கம் போங்கள். சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே நவராத்திரி ஊர்வலம் பெரிது.

இனி வகுப்பறை.

நமக்கு ஊரில் கற்றுத்தந்த முதல் கடமை போர்ஷனை முடிப்பது. டிப்ளமாவிலும் போர்ஷன் உண்டு: ஹையர் லெவலுக்கு 240 மணி நேரம், ஸ்டாண்டர்டு லெவலுக்கு 150. ஆனால் அதில் 60 மணியும் 40 மணியும் செய்முறைக்கு. அதை நவம்பரில் எடுத்துப் பாடத்துக்குப் போட்டுவிடலாம் என்ற நம் பழக்கம் அங்கே செல்லாது. தேர்வறையில் டேட்டா புக்லெட் என்று சூத்திரங்கள் அச்சிட்ட கையேட்டைக் கொடுத்தே உட்காரவைக்கிறார்கள். ஆகையால் சூத்திரம் ஒப்பிக்கும் சிறுதேர்வு வைத்தால் அந்த நேரம் வீண். கேள்வியின் வினைச்சொல்லைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். 'ஸ்டேட்' என்றால் சொன்னால் போதும், 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் காரணம் வேண்டும், 'கால்குலேட்' என்றால் வழி தெரியவேண்டும். முதல் வகுப்புக்கு முன் இரண்டு ஆண்டுத் தேர்வுத்தாள்களை நீங்களே எழுதி, மதிப்பெண் விளக்கத்தை வைத்து நீங்களே திருத்திப் பாருங்கள். இதைவிட நல்ல தயாரிப்பு வேறு இல்லை.

அடுத்தது இன்டர்னல் அசெஸ்மென்ட். மாணவர் தானே ஒரு கேள்வியை எடுத்து, சோதனை செய்து, 3,000 சொல்லுக்குள் எழுதும் ஆய்வு. மொத்த மதிப்பில் 20 சதவீதம். ஆய்வு வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு, முடிவு, மதிப்பீடு என்று நான்கு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 6, ஆக 24. ஒரு வரைவுக்குத்தான் நீங்கள் கருத்துச் சொல்லலாம். பிள்ளை நன்றாக வரவேண்டுமே என்ற பாசத்தில் மூன்று வரைவைத் திருத்திக்கொடுப்பது நம் இயல்பு. அங்கே அது கல்வி நேர்மை மீறல், பிள்ளையின் டிப்ளமாவுக்கே ஆபத்து. தாராளமாகப் போட்ட மதிப்பெண்ணும் உதவாது. சில மாதிரிகளை ஐ.பி. மறுபடி பார்க்கும், உங்கள் கை தளர்ந்திருந்தால் வகுப்பு முழுவதற்கும் குறைத்துவிடும். மே தேர்வுக்காரர்களுக்கு ஏப்ரல் 20 கடைசி நாள், அதற்கு முந்தின வாரம் சொங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறை. எனவே சோதனை நவம்பரில், வரைவு டிசம்பரில், இறுதிப் பிரதி ஜனவரியில் என்று நாளைக் குறித்துவிடுங்கள்.

சதவீதத்தையும் மறக்கவேண்டும். மிக உயர்ந்த கிரேடான 7 வாங்க 90 தேவையில்லை, எல்லைக்கோடு தேர்வுக்குத் தேர்வு மாறும். ஊர்ப் பழக்கத்தில் 78 வாங்கியவரை சுமார் என்று கணித்து, தேர்வுக்கு முன்பே ஆசிரியர் கணித்துத் தரும் பிரெடிக்டட் கிரேடைக் குறைத்துப் போட்டால், அந்தப் பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம் அதனால் அடிபடும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். 'எனி டவுட்ஸ்?' என்று நீங்கள் கேட்டால், எதையாவது சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டதாக விழிப்பார்கள். 'கேள்வி இருக்கிறதா' என்று மாற்றுங்கள். கல்லூரி முடித்தார் என்ற பொருளில் 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தார் என்று பொருள். ஜப்பானிய, சீன, கொரிய, தாய்லாந்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்கள், உங்கள் வேகத்தில் கால்வாசியைக் குறையுங்கள்.

தாய்லாந்துப் பிள்ளைகளிடம் 'க்ரெங் ஜாய்' என்று ஒரு குணம் உண்டு, பெரியவர்களைச் சங்கடப்படுத்தத் தயங்குவது. புரிந்ததா என்றால் தலையாட்டுவார்கள், புரிந்திருக்காது. சிறிய வெள்ளைப் பலகை ஆளுக்கொன்று கொடுத்து, விடையை எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், அவர்கள் அதில் யோசித்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பு முன்னால் குரலை உயர்த்தித் திட்டினால் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வகுப்பும் உங்களிடம் வாயை மூடிக்கொள்ளும். அன்பாகக்கூடத் தலையைத் தொடாதீர்கள், அங்கே தலை புனிதம்.

பாதுகாப்பு விதிகள் நமக்கு அந்நியமாகத் தோன்றும், அப்படியே கடைப்பிடியுங்கள். சொந்த எண்ணை மாணவருக்குக் கொடுப்பது, லைன் செயலியில் பேசுவது, கதவை மூடிக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியாக இருப்பது, சொந்தப் போனில் படமெடுப்பது எதுவும் கூடாது. ஒரு பிள்ளை மனம்விட்டு ஏதாவது சொன்னால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காமல், அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். உங்கள் மாணவருக்கே காசு வாங்கி டியூஷன் எடுப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே தடை, வொர்க் பெர்மிட்டும் அதற்கு இடம்கொடுக்காது.

கடைசியாக ஒரு நாளைச் சொல்லிவைக்கிறேன். ஆசிரியரை அங்கே 'க்ரூ' என்பார்கள், குருதான். ஆசாரியர் 'ஆஜான்' ஆகியிருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை 'வாய் க்ரூ', ஆசிரியர் வணக்கம். தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும், பெரும்பாலும் வியாழக்கிழமைதான், நமக்கும் அது குருவாரம். மரபான தட்டில் இட்லிப்பூ, அருகம்புல், கத்திரிப்பூ, நெற்பொரி வைப்பார்கள். இட்லிப்பூ மொட்டின் கூர்மை அறிவுக்கு, எங்கும் படரும் அருகு விடாமுயற்சிக்கு, தலை கவிழ்ந்திருக்கும் கத்திரிப்பூ பணிவுக்கு. நீங்கள் நாற்காலியில் இருப்பீர்கள், பிள்ளைகள் முழந்தாளிட்டு வருவார்கள். கூச்சப்பட்டு எழுந்துவிடாதீர்கள். உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள். நீளமான அதிகாரபூர்வப் பெயர் வேண்டாம், அவர்கள் தினமும் பயன்படுத்தும் செல்லப்பெயர். வருகைப் பட்டியலில் அந்தப் பெயரைப் பக்கத்தில் எழுதிவைக்க முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.