பீர் நொதித்தல் அடர்த்தி 1.022-இல் நின்றுவிட்டது. இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: 20 லிட்டர் பேல் ஏல் (ஒரு பீர் வகை), தொடக்க அடர்த்தி 1.052 (தண்ணீர் 1.000; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்), எட்டாம் நாள் 1.022, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக் குழாய்) குமிழி நின்று இரண்டு நாளாகிறது. இதை மட்டும் வைத்து நொதித்தல் பாதியில் நின்றதா, முடிந்தே விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

ஏர்லாக்கை விட்டுத்தள்ளுங்கள். வாளியின் மூடி ஓர் இடத்தில் சரியாக உட்காராவிட்டால் போதும், வாயு அந்த வழியாகப் போய்விடும். உள்ளே ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும். நொதித்து முடிந்த பீரும் அறை சூடானால் கரைந்திருந்த வாயுவை வெளியே விட்டுக் குமிழி காட்டும். அதை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அந்த 1.022-ஐ எதில் பார்த்தீர்கள்? நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) என்றால், ஆல்கஹால் கலந்த பிறகு அது காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1.052-இல் தொடங்கிய பீருக்கு அந்தக் கருவி 1.022 காட்டினால், திருத்தம் போட்ட பிறகு உண்மையான எண் 1.010-க்குப் பக்கத்தில் வரும். அதாவது உங்கள் பீர் முடிந்துவிட்டது, கவலையை விடுங்கள். ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) என்றால், மாதிரியை இரண்டு கிளாஸ்களுக்கு இடையே பலமுறை ஊற்றி ஊற்றி வாயுவைப் போக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மிதவையில் ஒட்டும் சின்னக் குமிழிகள் அதைத் தூக்கி, எண்ணைக் கூட்டிக் காட்டும். மிதக்கவிட்டதும் ஒரு சுற்று சுற்றிவிட்டால் அவை உதிர்ந்துவிடும். வெறும் தண்ணீரில், கருவியில் போட்டிருக்கும் வெப்பநிலையில், 1.000 காட்டுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எண் உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். 1.052 என்பதை 52 புள்ளி என்போம்; அந்த 52 புள்ளியில் 30 இறங்கியிருக்கிறது, கிட்டத்தட்ட 58 சதவீதம். வழக்கமான ஏல் ஈஸ்ட் 75 சதவீதம் இறக்கும், அந்தக் கணக்கில் 1.013-க்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை உங்கள் வோர்ட்டில் (நொதிக்கும் முன் இருக்கும் மால்ட் சாறு) எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) 70 டிகிரிப் பக்கம் போயிருந்தால், மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் என்சைம் சீக்கிரமே செயலிழந்திருக்கும். மிஞ்சியதில் பெரும்பங்கு ஏல் ஈஸ்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின், அதாவது நீண்ட சங்கிலிச் சர்க்கரை. கிரிஸ்டல் மால்ட் (வறுத்த இனிப்பு மால்ட்) அதிகம் போட்டாலும், லாக்டோஸ் (பால் சர்க்கரை) சேர்த்தாலும் இதே கதை. சில ஈஸ்ட் வகைகளும் இப்படித்தான். விண்ட்சர் ஈஸ்டுக்கு, வோர்ட்டில் இருக்கும் மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரை செரிக்காது, அதனால் உயரத்திலேயே நின்றுவிடும். அது அதன் சுபாவம்.

இதைத் தீர்த்துவைக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஏனோ பலர் இதைச் செய்வதில்லை. சுத்தம் செய்த பாட்டிலில் கால் லிட்டர் பீரை எடுங்கள். அதில் ஒரு ஸ்பூன் உலர் பீர் ஈஸ்டைத் தாராளமாகப் போட்டு, வாயை ஃபாயிலால் தளர்வாக மூடி, 25 டிகிரிக்குமேல் கதகதப்பான இடத்தில் வையுங்கள். போகவர ஒரு குலுக்கு குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அடர்த்தியைப் பாருங்கள். அதே 1.022 என்றால் பீர் முடிந்தது, கொஞ்சம் கனமான பீராகக் குடியுங்கள். 1.013-க்கு இறங்கினால் சர்க்கரை இருக்கிறது, உங்கள் ஈஸ்ட்தான் படுத்துவிட்டது. ஃபெர்மென்ட்டரில் (பீர் நொதிக்கும் வாளியில்) மூன்று நாள் ஒரே எண் வருவதை வைத்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. நின்ற பீரும் முடிந்த பீரும் அப்படித்தான் காட்டும்.

ஈஸ்ட் படுத்ததற்கு முதல் சந்தேகம் குளிர். இரவில் அறை நாலைந்து டிகிரி இறங்கினாலே, சீக்கிரம் படியும் இங்கிலீஷ் வகைகள் கூட்டமாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஃபெர்மென்ட்டரைத் திறக்காமல் சாய்த்து மெதுவாகச் சுழற்றி, அடியில் உள்ள பழுப்புப் படிவைக் கிளப்பிவிட்டு, 21-22 டிகிரிக்குக் கொண்டுவந்து மூன்று நாள் விடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். சளக் சளக் என்று அடிக்காதீர்கள். காற்று ஈஸ்டைப் போடும் நேரத்தில்தான் நல்லது. இப்போது கலந்தால் நனைந்த அட்டை வாசனைதான் மிச்சம். சைசன் என்ற பெல்ஜிய பீருக்கான ஈஸ்ட் என்றால் இன்னும் சூடு கேட்கும். அதில் டூபாண்ட் வகை 1.030 பக்கம் சண்டித்தனம் செய்வதில் பேர்போனது, 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் வழிக்கு வரும்.

அப்படியும் அசையவில்லையென்றால் புது ஈஸ்ட். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து மேலே தூவுவது பெரும்பாலும் வீண். ஆல்கஹால் இருக்கும், ஆக்ஸிஜன் இருக்காது, எளிய சர்க்கரை தீர்ந்திருக்கும்; அந்தச் சூழலில் உலர் ஈஸ்ட் எழுந்து உட்காரவே திணறும். 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டைக் கொதிக்கவைத்து ஒரு லிட்டர் வோர்ட் செய்து, ஆறவைத்து, அதில் ஈஸ்டைப் போடுங்கள். நுரை பொங்கி நிற்கும் நேரத்தில் மொத்தமாக ஃபெர்மென்ட்டரில் ஊற்றுங்கள். வேகத்தோடு வரும் ஈஸ்ட் மிச்சத்தையும் தின்னும். அடங்கிய பிறகு ஊற்றினால் இவ்வளவு பாடும் வீண். ஈஸ்ட் நியூட்ரியன்ட்டை இந்தக் கட்டத்தில் கொட்டிப் பெரிய பயன் இல்லை. குளுக்கோஅமைலேஸ் என்சைம் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது டெக்ஸ்ட்ரினையும் உடைத்து 1.000 வரை இழுத்துக்கொண்டு போகும், பீர் தண்ணீராகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எது செய்தாலும், சோதனை முடிவு தெரியாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். ஐந்து புள்ளிக்கான சர்க்கரை மீதி இருந்தாலே, பிரைமிங் சர்க்கரையை (பாட்டிலில் வாயு உண்டாகப் போடும் சர்க்கரை) குறைந்தது இரட்டிப்பாகப் போட்ட மாதிரி அழுத்தம் ஏறும். கண்ணாடி அதைத் தாங்காது. அடைத்துவிட்டீர்கள் என்றால் உடனே குளிரில் வையுங்கள். வெளியே எடுக்கும்போது பாட்டிலைத் தடித்த துணியில் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்து, மூடியை மெல்ல நெம்பி வாயுவை விடுங்கள்.

மாஷ் வெப்பநிலையும் ஈஸ்டின் பெயரும் சொன்னால் இன்னும் குறிப்பாகச் சொல்லலாம்.