கேள்வி – பதில்: அயல்நாட்டு மண்ணில் துயிலும் வீரர்கள்

கேள்வி: திருகோணமலை நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்தில் தொண்டர்கள் சிலர் கல் கல்லாகப் படம் எடுத்துக் குறித்துக்கொண்டு போவதைக் கண்டேன். அங்குள்ள பெயர்கள் ஏற்கெனவே பதிவில் இருக்கும்போது இந்த வேலை எதற்கு? என் மாணவர்களும் இதில் சேரலாமா?
— ஆசிரியை ஒருவர், உப்புவெளி

பதில்: பதிவு இருப்பது உண்மையே. 1917 இல் தொடங்கப்பட்ட பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு, இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்த சுமார் 17 இலட்சம் பேரின் விவரங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நம் ஊர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களும் அதில் அடங்குவர். ஆனால், இருபது வயதில் போன பிள்ளை எந்தக் கல்லின் கீழ் கிடக்கிறான் என்பதைக் கண்ணால் காண ஏங்கிய குடும்பங்களுக்குப் பட்டியலில் உள்ள ஒரு வரி போதவில்லை. திருகோணமலை வரை வந்துபோக வசதியற்றவர்களே அவர்களில் பெரும்பாலோர். அவர்களுக்காகவே ‘வார் கிரேவ்ஸ் போட்டோகிராபிக் புரொஜெக்ட்’ போன்ற தொண்டு முயற்சிகள் பல நாடுகளிலும் படங்களைச் சேர்த்து வருகின்றன.

மாணவர்களைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். படைப்பிரிவின் சின்னம், சேவை எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது, அடியில் குடும்பத்தார் தேர்ந்த ஓரிரு வரிகள் என்று கல்லில் உள்ள அனைத்தையும் எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் செதுக்கெழுத்து மங்கிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் வேளையில்தான் அது எடுப்பாகத் தெரியும். எழுத்தைத் தெளிவாக்கச் சோக்கு பூசுவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கல்லைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றுக்கு ஒருபோதும் இடங்கொடுக்காதீர்கள். கல்லில் உள்ளதும் பட்டியலில் உள்ளதும் வேறுபட்டால், எதையும் நீங்களே திருத்தாமல் இரண்டையும் எழுதி ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆணைக்குழுவின் பொறுப்பு இரு உலகப் போர்க் காலங்களோடு நின்றுவிடுகிறது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஆஸ்டின் 1852 இல் பர்மாவில் இறந்து, நம் நகரில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் புகழ்பெற்றவர் என்பதால் தேடி வருவோர் உண்டு. அவர் காலத்துச் சாதாரண மாலுமிக்கு யார் வருவார்? பராமரிப்புள்ள மயானத்தைக் காட்டிலும் நகரின் பழைய கல்லறைகளுக்கே உங்கள் மாணவர்களின் உழைப்பு அவசரமாகத் தேவைப்படுகிறது.

கேள்வி: ஹேர்மிஸ் கப்பலோடு மாண்டவர்கள் அனைவரும் இங்கேதான் புதைக்கப்பட்டார்களா?
— வாசகர், சீனக்குடா

பதில்: இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் அந்த விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, 300 பேருக்கும் அதிகமானோர் இறந்தனர். கடலோடு போனவர்களுக்குக் கல்லறை இல்லை. பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்கள் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாத்தம் ஆகிய இடங்களிலுள்ள நினைவுத் தூபிகளில் பொறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பாட்டனாரின் தமையன் இராமநாதபுரத்திலிருந்து இந்தியப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போய்த் திரும்பவில்லை. வெள்ளைக்காரருக்குக் கிடைத்த மரியாதை அவருக்கும் கிடைத்திருக்குமா?
— வாசகி, திருகோணமலை

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. பதவி, இனம், மதம் பாராமல் அனைவரையும் சமமாக நினைவுகூர்வதே ஆணைக்குழுவின் கொள்கை. ஆயினும் முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆபிரிக்க வீரர்கள் பல்லாயிரவர் அவ்வாறு நினைவுகூரப்படவில்லை என்று 2021 இல் அதன் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

உங்கள் உறவினர் இரண்டாம் போரைச் சேர்ந்தவரானால், யாங்கோனுக்கு அருகே தௌக்கியன் மயானத்திலுள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தின் பெயர்களை ஆணைக்குழுவின் இணையப் பதிவில் முதலில் தேடிப் பாருங்கள். கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். ஆகவே ‘முத்துசாமி’ என்ற பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் உள்ளன. வீட்டில் பழைய ஓய்வூதியக் கடிதமோ பதக்கமோ இருந்தால் சேவை எண் கிடைக்கலாம். பெயரைக் கண்டுபிடித்ததும், அது பொறிக்கப்பட்டுள்ள தூண் முகத்தின் எண்ணையும் சேர்த்துக் குறிப்பிட்டுத் தொண்டர்களுக்கு எழுதுங்கள். அந்த எண் இருந்தால்தான் அத்தனை பெயர்களுக்கிடையே அவருடையதைத் தேடிப் படமெடுக்க அவர்களால் இயலும்.