எகிப்தியச் சவப்பெட்டி மூடியில் சிறகு விரித்திருப்பது எந்தத் தேவி, ஐசிஸா, நூத்தா?

கேட்டது பண்டைய எகிப்தின் 21-ஆம் வம்சத்து மஞ்சள் சவப்பெட்டி என்பதால் சொல்கிறேன்: மூடியில் உள்ள மனித உருவத்தின் கைகளுக்குக் கீழே மண்டியிட்டுச் சிறகு விரித்திருப்பவள் பெரும்பாலும் வானத் தெய்வம் நூத். மூடிதான் வானம், "தாயே நூத், என் மேல் விரிந்திரு" என்ற வேண்டுதலையே பல மூடிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குழப்பம் வரக் காரணம், ஓவியர்கள் எல்லாத் தேவியருக்கும் ஒரே முகம், ஒரே சிறகு போட்டதுதான். முகத்தை விடுங்கள், தலைக்கு மேல் பாருங்கள்.

1. சின்ன உருண்டைப் பானை இருந்தால் நூத்.
2. படிக்கட்டு மாதிரி உயர்ந்த சாய்வுள்ள அரியணை என்றால் ஐசிஸ்.
3. கட்டடத்தின் மேல் கிண்ணம் வைத்ததுபோல் இருந்தால் நெஃப்திஸ். இவளை ஐசிஸோடு சேர்த்தே தேடுங்கள்: வழக்கமாக இவள் தலைமாட்டில், ஐசிஸ் கால்மாட்டில்.

வெறும் சூரிய வட்டம் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், அது பலருக்கும் பொது. அப்போது பக்கத்தில் உள்ள எழுத்தில் பெயர் தேட வேண்டியதுதான். அப்புறம், பழைய மெருகு பழுத்துப் பானை மங்கியிருக்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள்.