அட்டைமேல் கட்டும் பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். கால்பந்து பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்துவருகிறேன். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், அவரும் தமிழர்தான், கொஞ்ச காலமாக வெற்றி தோல்விமேல் பணம் கட்டுவதை விட்டுவிட்டார். இப்போது நடுவர் காட்டும் மஞ்சள், சிவப்பு அட்டைகள்மேல் மட்டும்தான். எத்தனை மஞ்சள் வரும், எந்த ஆட்டக்காரர் வாங்குவார், முதல் அட்டை எந்த அணிக்கு என்று. "கோல் விழுவது அதிர்ஷ்டம். அட்டை அப்படியில்லை, நடுவர் யாரென்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி" என்கிறார். ஒவ்வொரு நடுவரின் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் போன மாதம் என்னிடம் 300 பவுண்டு கடன் கேட்டார்.

இந்தப் பந்தயம் எப்படித்தான் நடக்கிறது? அவர் சொல்வது சரியா? கடன் கேட்டவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவரை இழுத்துக்கொண்டு போவதே அந்த உண்மைதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கோலைவிட அட்டையை ஓரளவு முன்கூட்டிக் கணிக்கலாம். ஒரு நடுவர் பேசியே சமாளிப்பார், இன்னொருவர் முதல் முரட்டு மோதலிலேயே சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோவார். பரம வைரிகள் மோதும் ஆட்டத்தில் அட்டை கூடும். வேகமான விங்கரை எதிர்கொள்ளும் மெதுவான தடுப்பாளர் சட்டையைப் பிடித்து இழுத்தே ஆகவேண்டும். முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் அட்டைகள் அதிகம்: கால்கள் களைத்திருக்கும், ஏற்கெனவே எச்சரித்த நடுவருக்குப் பொறுமை தீர்ந்திருக்கும், முன்னணியில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்தப் பார்க்கும். ஸ்பெயின் லீக்கில் இங்கிலாந்தைவிட அட்டைகள் தாராளமாக வெளியே வருவது நெடுநாள் வழக்கம். இதெல்லாம் உங்கள் நண்பரின் நோட்டில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பந்தயத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் "மொத்த அட்டைகள் 4.5க்கு மேலா, கீழா" என்று கேட்பார்கள். அரை அட்டை என்று ஒன்று கிடையாது, முடிவு சமனாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த அரை அது. ஐந்து வந்தால் மேலே கட்டியவருக்குப் பணம், நான்கோடு நின்றால் கீழே கட்டியவருக்கு. இது தவிர குறிப்பிட்ட ஆட்டக்காரர் அட்டை வாங்குவார், முதல் அட்டை இந்த அணிக்கு, இந்த அணி அந்த அணியைவிட அதிகம் வாங்கும் என்று பல கிளைகள். இங்கிலாந்தில் புள்ளிக் கணக்கும் உண்டு. மஞ்சளுக்கு 10, சிவப்புக்கு 25. இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறியவருக்கு இரண்டாவது மஞ்சளை எண்ணாமல் 35 என்றே போடுவார்கள். அட்டைகளை எண்ணும் பந்தயத்தில் பொதுவாக மஞ்சள் ஒன்று, சிவப்பு இரண்டு, ஒருவருக்கு மூன்றுக்கு மேல் போகாது.

டிவியில் பார்த்த அட்டையெல்லாம் கணக்கில் வரும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 2022 டிசம்பர் 9 அன்று கத்தாரின் லுசைல் அரங்கில் நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய உலகக் கோப்பைக் கால் இறுதியை நினைத்துப் பாருங்கள். ஸ்பானிய நடுவர் மத்தேயு லாஹோஸ் அன்றைக்கு அட்டைமழை பொழிந்தார். முதல் அட்டை ஆட்டக்காரர் யாருக்கும் இல்லை, அர்ஜென்டினாவின் துணைப் பயிற்சியாளர் வால்டர் சாமுவேலுக்கு. தலைமைப் பயிற்சியாளர் ஸ்கலோனியும் ஒன்று வாங்கினார். நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்ட் இன்னும் களத்தில் இறங்காமல் மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, அங்கேயும் அட்டைகள். பெனால்டி உதைகளெல்லாம் முடிந்த பிறகு டம்ஃபிரீஸுக்குச் சிவப்பு. வழக்கமான பந்தய விதிப்படி பயிற்சியாளர்களின் அட்டை சேராது. கூடுதல் நேரமும் சேராது, 90 நிமிடமும் அதன் இறுதியில் சேர்க்கும் நிமிடங்களும் மட்டும்தான். இறுதி விசிலுக்குப் பின் காட்டியது சேராது. வெளியே உட்கார்ந்திருந்தவர் பின்னால் களமிறங்கினால் அவர் அட்டை எண்ணப்படுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உலகமே பார்த்துத் திகைத்த அட்டைகளில் ஒரு நல்ல பங்கு, பணம் கட்டியவரின் சீட்டில் இல்லவே இல்லை.

இப்போது நண்பரின் நோட்டுக்கு வருகிறேன். அதில் இருக்கும் அத்தனையும் பந்தய நிறுவனத்திடமும் இருக்கிறது. நடுவர் யாரென்று ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே அறிவித்துவிடுகிறார்கள், அறிவித்த உடனே ஆட்ஸ், அதாவது வென்றால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற விகிதம், நகர்ந்துவிடும். கண்டிப்பான நடுவர் என்றால் 4.5 என்ற கோடு 5.5 ஆகிவிடும். தெரிந்த விஷயத்துக்கு விலை ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அந்தக் கண்டிப்பை விலையைவிடக் கூர்மையாக அவர் அறிந்திருந்தால் மட்டுமே லாபம். போதாததற்கு, பழைய கணக்கு பழைய விதிகளின் கணக்கு. பிரீமியர் லீக்கில் 2023-24 பருவத்தின் தொடக்கத்தில், நடுவரை எதிர்த்துப் பேசுவதையும் நேரம் கடத்துவதையும் கடுமையாக அடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே ஆட்டத்தின் இறுதியில் சேர்க்கும் நேரமும் நீண்டது. மஞ்சள் அட்டைகள் சட்டென்று பெருகின. முந்தைய வருட நோட்டை நம்பி "கீழே" கட்டியவர்களுக்கு அந்த நோட்டு உதவவில்லை.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மேல், கீழ் இரண்டுக்கும் ஆட்ஸ் 1.85 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பவுண்டு கட்டி வென்றால் கைக்கு 185 வரும். உண்மையில் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், கட்டும் ஒவ்வொரு 100க்கும் சராசரியாகத் திரும்புவது 92.50. மீதி நிறுவனத்தின் பங்கு. இப்படி மூன்றைக் கோத்து ஒரே சீட்டாகக் கட்டினால் அந்தப் பங்கு மூன்று முறை வெட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பந்தயங்கள் என்றால் 100க்குச் சராசரியாக 79தான் திரும்பும். "இந்த மூன்று பேரும் அட்டை வாங்குவார்கள்" என்ற சேர்க்கைகளைச் செயலிகள் முகப்பிலேயே காட்டி அழைப்பது இதனால்தான். இன்னொரு பொறி: ஒரு நடுவரின் சராசரி 4 என்றால், 5 அல்லது அதற்குமேல் வருவது கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு என்று மனம் சொல்லும். சராசரியை வைத்து ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பைச் சொல்லும் எளிய பாய்சான் கணக்கைப் போட்டால் 37 சதவீதம்தான் வருகிறது. நோட்டில் சராசரி மட்டும் எழுதியிருப்பவர் தவறான பக்கத்தில் நிற்பார், அதுவும் முழு நம்பிக்கையோடு.

நிறுவனங்களே இந்தப் பந்தயத்தை எப்படி நடத்துகின்றன என்று கவனிக்கச் சொல்லுங்கள். வெற்றி தோல்விமேல் பெரிய தொகை வாங்குபவர்கள், ஓர் ஆட்டக்காரரின் அட்டைமேல் சின்னத் தொகைதான் வாங்குவார்கள். தொடர்ந்து வெல்பவர் கணக்கில் அந்த உச்சவரம்பையும் குறைத்துவிடுவார்கள். அட்டையில் தங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது நடுவரின் குணம் இல்லை, ஆட்டக்காரரின் மனதில் இருப்பது.

கோல் அடிக்க நினைத்தவரெல்லாம் அடித்துவிட முடியாது. மஞ்சள் அட்டை வாங்க நினைத்தவர் அநேகமாக வாங்கிவிடலாம். பந்தைத் தூர உதைக்கலாம், சட்டையை இழுக்கலாம், த்ரோவை எடுக்காமல் நிற்கலாம். 2019 பிப்ரவரியில் அயாக்ஸுக்கு எதிராக ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ராமோஸ் வாங்கிய மஞ்சளுக்கும் பந்தயத்துக்கும் தொடர்பில்லை. இன்னொரு மஞ்சள் சேர்ந்தால் அவருக்கு ஓர் ஆட்டத் தடை வரும், அந்தத் தடையை அடுத்த ஆட்டத்தோடு கழித்துவிட்டு, பிறகு சுத்தமாகக் காலிறுதிக்குப் போகலாம் என்பது கணக்கு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அதை வேண்டுமென்றே வாங்கிய அட்டை என்று முடிவுசெய்து இரண்டு ஆட்டத் தடை விதித்தது. அவர் இல்லாத மறு ஆட்டத்தில் மாட்ரிட் 1-4 என்று தோற்று வெளியேறியது. ஆட்டத்துக்குள் இருக்கும் காரணத்துக்காக ஒருவர் இதைச் செய்ய முடியும் என்றால், பணத்துக்காகவும் செய்ய முடியும்.

செய்தும் இருக்கிறார்கள். 2017ல் லிங்கன் சிட்டி, ஐந்தாம் நிலை லீக்கில் ஆடிய சின்ன கிளப், எஃப்ஏ கோப்பையில் இப்ஸ்விச்சையும் பர்ன்லியையும் வீழ்த்திக் கால் இறுதிக்குப் போனது. இங்கிலாந்தின் மேல்நிலை லீக் அமைப்புக்கு வெளியே இருந்த ஒரு கிளப் அங்கே போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் தடுப்பாளர் பிராட்லி வுட் வேண்டுமென்றே அட்டை வாங்கினார் என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் விசாரணை முடிவுசெய்தது. அவருக்குத் தெரிந்தவர்கள் அதன்மேல் பணம் கட்டியிருந்தார்கள். 2018ல் 6 ஆண்டுத் தடை. அந்த ஊர்க்காரர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ வேண்டிய ஆட்டங்கள் அவை. அவற்றுக்குள் இப்படி ஒன்று இருந்தது என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

பிரேசிலில் நடந்தது இதைவிடப் பெரிது. 2022ன் இறுதியில் விலா நோவா கிளப்பின் தலைவருக்கு, தன் ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமென்றே எதிரணிக்குப் பெனால்டி கொடுக்கப் பணம் பேசப்பட்ட விஷயம் தெரியவந்தது. அவர் கோயாஸ் மாநில அரசு வழக்கறிஞர்களிடம் போனார். 2023ல் அந்த விசாரணை முதல் நிலை லீக்கின் அட்டைகள்வரை நீண்டது. சாண்டோஸ் தடுப்பாளர் எட்வர்டோ பவர்மன், அவாயிக்கு எதிரான ஆட்டத்தில் மஞ்சள் வாங்குவதாக ஒப்புக்கொண்டு வாங்கவில்லை என்பது வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. பணம் கொடுத்தவர்கள் நெருக்க, ஈடாக அடுத்து பொட்டஃபோகோவோடு ஆடும்போது சிவப்பு வாங்குவதாகப் பேச்சு. சிவப்பு வந்தது, ஆனால் இறுதி விசிலுக்குப் பிறகு. நான் மேலே சொன்ன விதிப்படி அது எண்ணப்படவில்லை. கட்டியவர்கள் பணத்தை இழந்தார்கள், மிரட்டல்கள் தொடர்ந்தன. ஒரு முறை கைநீட்டிய ஆட்டக்காரர் அதிலிருந்து மீள வழியில்லாமல் போவதை இந்த வழக்கு எனக்குக் காட்டியது. பவர்மன் பிறகு நீண்ட தடையை அனுபவித்தார்.

குற்றமற்றவர்களும் தப்புவதில்லை. அப்போது வெஸ்ட் ஹாமில் ஆடிய லூகாஸ் பக்கேட்டா நான்கு ஆட்டங்களில் வேண்டுமென்றே மஞ்சள் வாங்க முயன்றதாக 2024 மே மாதம் குற்றம் சாட்டப்பட்டார். 2025 ஜூலையில் அந்த நான்கிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். இடையில் அவர் செய்த ஒவ்வொரு ஃபவுலையும் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். நெதர்லாந்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள்கூட மஞ்சள் அட்டைமேல் பந்தயம் நடத்தக் கூடாது, எளிதில் விலைக்கு வாங்கக்கூடிய நிகழ்வு என்பதே காரணம். அது சரியான முடிவு என்பேன். இங்கிலாந்தும் அதைச் செய்ய வேண்டும்.

அட்டை பிறந்ததே ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கத்தான். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தோடு ஆடும்போது அர்ஜென்டினாவின் ரத்தினை ஜெர்மன் நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ரத்தின் போக மறுத்து நின்றார், ஆட்டம் பல நிமிடம் முடங்கியது. நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், லண்டன் சாலையின் போக்குவரத்து விளக்கைப் பார்த்து மஞ்சளையும் சிவப்பையும் யோசித்தார். 1970ல் மெக்சிகோவில் அவை முதலில் வந்தன. எந்த மொழிக்காரரும் கடைசி வரிசையிலிருந்துகூடப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று செய்த பொருள் அது. அதை இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக மாற்றிவிடக்கூடிய ஒரு வியாபாரத்தை நான் வெறுக்கிறேன்.

ஆக, உங்கள் நண்பர் எதிர்கொள்வது இரண்டு பேரை. அவருக்குத் தெரிந்த எல்லாம் தெரிந்த நிறுவனம் ஒரு பக்கம். யாருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கும் யாரோ ஒருவர் இன்னொரு பக்கம். அவருடைய நோட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் அவர் நிற்கிறார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. தமிழ்நாட்டில் 2022ன் சட்டமும், நாடு முழுக்க 2025ன் இணைய விளையாட்டுச் சட்டமும் இருக்கின்றன. பணம் கட்டி ஆடும் இணையப் பந்தயம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அப்படியொரு செயலி அங்கே இயங்கினால், நீங்கள் வென்றாலும் பணத்தைக் கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது.

கடன் விஷயம். பணமாகக் கொடுக்காதீர்கள். வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரருக்கு நேராகக் கட்டுங்கள், சாமான் என்றால் வாங்கிக் கொடுங்கள். நோட்டைக் குறைசொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டாம், அதில் அவருடைய உழைப்பும் பெருமையும் இருக்கிறது. போன ஆறு மாதத்துக்கான வங்கிக் கணக்கைத் திறந்து, பந்தய நிறுவனத்துக்குப் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று அவரையே கூட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் நிறுத்த விரும்பினால் பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற இலவசப் பதிவு உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தேர்ந்துகொள்ளலாம். பதிந்துவிட்டால் உரிமம் பெற்ற எல்லா இணையப் பந்தயத் தளங்களும் அவருக்கு மூடப்படும், அந்தக் காலம் முடியும்வரை அவரே கேட்டாலும் திறக்காது. தெருமுனைப் பந்தயக் கடைகள் இதில் அடங்கா. அவற்றுக்கு விலக்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதற்கும் கூடப் போங்கள்.